கொல்லைப்புறத்தில் தப்பிய காப்பி

பிரெஞ்சு நாவலாசிரியர் பால்சாக் காப்பிக் கொட்டை வாங்கப் புறப்பட்டால் அரை நாள் போய்விடும். ஒரே கடையில் வாங்கிவந்தால் அவருக்கு மனம் ஆறாது. பூர்போன் கொட்டைக்கு ஒரு தெரு, மார்த்தினிக் கொட்டைக்கு வேறொரு தெரு, மோக்காவுக்கு சேன் ஆற்றைத் தாண்டி அக்கரை என்று பாரிஸ் முழுக்க அலைவார். வீட்டுக்கு வந்து மூன்றையும் தன் கணக்குப்படி கலந்து, தானே போட்டுக் குடிப்பார். அவருடைய நண்பர் லெயோன் கோஸ்லான் எழுதிவைத்த சங்கதி இது.

மார்த்தினிக் கரீபியன் கடலில் உள்ள தீவு. மோக்கா யேமனின் துறைமுகம். பூர்போன் என்ற பெயரை இன்றைய வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. மடகாஸ்கருக்குக் கிழக்கே, மொரிஷியசுக்குப் பக்கத்தில், சுமார் 2,500 சதுர கிலோமீட்டரில் கிடக்கும் எரிமலைத் தீவு அது. பிரெஞ்சுப் புரட்சி அரச வம்சத்தின் பெயரை அழித்தபோது 1793-இல் ரீயூனியன் ஆயிற்று. பிறகு நெப்போலியன் பெயரில் கொஞ்ச காலம், மறுபடி பூர்போன், 1848-இல் மீண்டும் ரீயூனியன். ஆட்சி மாறியபோதெல்லாம் தீவின் பெயரும் மாறியது. காப்பி மட்டும் பழைய பெயரை விடவில்லை.

அந்தத் தீவில் பிறந்த ஒரு ரகம்தான் பூர்போன் புவான்த்யூ. கூர்முனைக் கொட்டை. வீட்டிலேயே பச்சைக் கொட்டை வாங்கி வறுத்துப் பார்க்கும் காப்பிப் பித்தர்களிடையே இன்று இதற்குத் தனி மரியாதை. தீவில் வறுத்த கொட்டை கிலோ சில நூறு யூரோவுக்கு விற்கிறது. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு அதே தீவில் இதை விலை கொடுத்து வாங்க ஆளில்லை. செடி இருக்கிறதா என்பதே பலருக்குத் தெரியாது.

கதை 1715-இல் தொடங்குகிறது. அப்போது ஐரோப்பா குடித்த காப்பியில் பெரும்பங்கு யேமனிலிருந்து வந்தது. அதற்கு வெள்ளிக்காசைக் கொட்டிக் கொடுக்க வேண்டும். டச்சுக்காரர்கள் ஜாவாவில் சொந்தமாகப் பயிரிடத் தொடங்கிவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆசை வந்தது. சேன் மாலோ துறைமுகத்து மாலுமி துஃப்ரேன் தார்செல், மோக்காவிலிருந்து காப்பிக் கன்றுகளை ஏற்றிக்கொண்டு பூர்போனில் இறக்கினார். (அதே பயணத்தில் ஆளில்லாமல் கிடந்த மொரிஷியசையும் பிரான்சுக்குச் சொந்தம் என்று அறிவித்துவிட்டுப் போனார்.) கன்றுகளில் பெரும்பாலானவை பட்டுப்போயின. பிழைத்தவை ஒன்றிரண்டுதான். 1718-இல் இன்னொரு தவணை வந்தது. அதிலும் தங்கியவை கொஞ்சமே. இன்று பிரேசில் முதல் கென்யா வரை பயிராகும் பூர்போன் வம்சம் மொத்தமும் இந்தக் கைப்பிடிச் செடிகளின் வாரிசு.

வேடிக்கை என்னவென்றால், தீவின் காட்டில் ஏற்கெனவே ஒரு காப்பி இனம் முளைத்துக் கிடந்தது. 1711-இல் அதைக் கண்டுபிடித்து, யேமனுக்கு இனி காசு கட்ட வேண்டாம் என்று மகிழ்ந்தார்கள். குடித்துப் பார்த்ததும் மகிழ்ச்சி போய்விட்டது. கசப்பு அப்படி.

பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1723-இல் பிரான்சில் காப்பி விற்கும் ஏகபோக உரிமை கிடைத்தது. அதன்பின் தீவில் குடியேறியவர்களுக்குக் காப்பி கட்டாயப் பயிர். நடாதவனின் நிலம் பறிபோகும் என்று மிரட்டல். 1720-களின் சட்டப்படி காப்பிச் செடியை வேண்டுமென்றே அழித்தால் மரண தண்டனைகூட உண்டு. இன்று விளம்பரத் தாள்களில் இந்தக் காப்பியின் ராஜபரம்பரையைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதுவதில்லை.

கன்று நட, களையெடுக்க, பழம் பறிக்க, உலர்த்திக் குத்த ஆள் வேண்டும். மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். இந்தியக் கரையிலிருந்தும் ஒரு பகுதி வந்தது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தீவின் மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அடிமைகள். தப்பியவர்கள் மஃபாத், சிலாவோஸ் போன்ற செங்குத்தான மலைக்கிண்ணங்களுக்குள் ஓடி ஒளிந்தார்கள். அவர்களைத் துரத்திப் பிடிக்கவும் சுட்டுக் கொல்லவும் தனிப் படைகள் இருந்தன. காப்பி விளைந்த மேற்குச் சரிவில், சேன் லூ ஊரில், 1811 நவம்பரில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். தீவு அப்போது ஆங்கிலேயர் கையில். கிளர்ச்சியை நசுக்கித் தலைவர்களுக்கு மரண தண்டனை கொடுத்தார்கள்.

புதுச்சேரி வரலாறு படித்தவர்களுக்கு இந்தக் காப்பித் தீவின் ஆட்சியாளர்கள் பழக்கமானவர்கள். 1727 முதல் 1735 வரை பூர்போனில் கவர்னராக இருந்தவர் துய்மா. அங்கிருந்து நேராகப் புதுச்சேரிக்குக் கவர்னராக வந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பைத் தொடங்கியது இவர் காலத்தில்தான். பூர்போனில் அவருக்குப் பின் வந்த லபூர்தொனே, 1746-இல் கப்பற்படையோடு வந்து சென்னைக் கோட்டையைப் பிடித்தார். ஒரே கம்பெனி, ஒரே அதிகாரிகள். கணக்கில் மட்டும் அங்கே காப்பி, இங்கே துணி.

அந்தக் காலத்தில் காப்பி என்றால் எல்லோரும் வீட்டில் வறுப்பவர்கள்தான். கப்பலில் வந்தது பச்சைக் கொட்டை, கடையில் விற்றதும் பச்சைக் கொட்டை. பாரிஸ் வீடுகளில் கைப்பிடி வைத்த இரும்பு உருளையைக் கணப்பில் சுழற்றி வறுத்தார்கள். பதினைந்தாம் லூயி வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலில் காப்பிச் செடி வளர்த்து, பழுத்ததைத் தன் கையாலேயே வறுத்தான் என்று சொல்வார்கள். வறுத்துப் பையில் அடைத்து விற்பது பெருவியாபாரமானது வெகு பின்னால். அமெரிக்காவில் ஜேபஸ் பர்ன்ஸ் வறுக்கும் இயந்திரத்துக்கு உரிமம் வாங்கியது 1864-இல்; ஆர்பக்கிள் சகோதரர்கள் வறுத்த கொட்டையைப் பொட்டலமாக விற்கத் தொடங்கியது அதையொட்டித்தான்.

லூயி அரசன் விரும்பியது புவான்த்யூதான், பால்சாக் குடித்ததும் அதுதான் என்று இன்று விற்பவர்கள் அடித்துச் சொல்கிறார்கள். நம்ப வேண்டியதில்லை. லூயி 1774-இல் இறந்தான். கூர்முனைக் கொட்டை பேசப்படத் தொடங்கியதே 18-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலோ 19-இன் தொடக்கத்திலோதான். பால்சாக் வாங்கியது பூர்போன் என்று கோஸ்லான் எழுதினார்; உருண்டைக் கொட்டையா கூர்கொட்டையா என்று எழுதவில்லை.

தோட்டக்காரர் ஒருவர் பெயரால் தீவில் புவான்த்யூவை லெருவா காப்பி என்றார்கள். மற்ற காப்பிச் செடிகளைப்போல் கிளை பரப்பாமல், கீழே அகன்று மேலே குவிந்து, கோபுரம்போல் குட்டையாக நிற்கும். இலை சிறியது, கணுக்கள் நெருக்கம். கொட்டையின் ஒரு முனை கூராக இழுத்திருக்கும். இது வேறு எங்கிருந்தோ வந்த இனம், கலப்பினம் என்றெல்லாம் நீண்ட காலம் பேசினார்கள். மரபணுவைப் பார்த்த பிறகு விஷயம் தெளிந்தது. பூர்போன் செடியில் இயற்கையாக நேர்ந்த ஒரே ஒரு மரபணு மாற்றம். அந்த ஒன்றே செடியின் வடிவத்தையும் கொட்டையின் வடிவத்தையும் மாற்றி, காபீனையும் பாதியாகக் குறைத்துவிட்டது. சாதாரண அராபிகாவில் 1.2 சதவீதம் அளவில் இருப்பது இதில் 0.6 அளவில்தான். காபீன் கசக்கும் பொருள் என்பதால் இதில் கசப்பும் குறைவு. காபீன் நீக்கிய காப்பி விற்பனைக்கு வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு செடி அந்த வேலையைச் செய்துவைத்திருக்கிறது.

இவ்வளவு நல்ல காப்பி எப்படித் தொலைந்தது?

காரணம் ஒன்றல்ல. கரீபியனில் சேன் தொமிங்கு, அதாவது இன்றைய ஹெய்டி, 1780-களில் உலகக் காப்பியில் ஏறக்குறையப் பாதியை விளைவித்தது. அந்த விலைக்குப் பூர்போனால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1806, 1807-இல் அடுத்தடுத்து வந்த புயலும் வெள்ளமும் மலைச்சரிவுத் தோட்டங்களை மண்ணோடு வழித்துக்கொண்டு போயின. காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு ஆண்டு ஆகும். கரும்பு ஒன்றரை ஆண்டில் பணம் தரும், புயலுக்கு வளைந்து கொடுக்கும். இதற்குள் அடிமைப் புரட்சியில் ஹெய்டி சுதந்திரம் பெற்றுவிட்டது. மொரிஷியசை ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரைக்குப் பிரான்சு அலைந்த நேரம் அது. 1810-களில் சார்ல் தெபாசேன் தீவில் நீராவியில் ஓடும் கரும்பாலையை நிறுவினார். பிறகு காப்பித் தோட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கரும்பு நட்டார்கள். செடியைப் பிடுங்கினால் மரண தண்டனை என்று மிரட்டிய அதே மண்ணில்.

தமிழர்கள் பெருந்திரளாக இந்தக் கதைக்குள் வருவது இங்கேதான். 1848 டிசம்பர் 20 அன்று தீவில் அடிமைமுறை ஒழிந்தது. 60,000-க்கும் மேற்பட்டோர் விடுதலை பெற்றார்கள். கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆளுக்கு அலைந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைத் திரட்டினார்கள். 1860-இல் ஆங்கிலேயரோடு ஒப்பந்தம் ஆனபின் சென்னையிலிருந்தும் கப்பல் ஏற்றினார்கள். கூலிகளை நடத்திய விதம் பற்றிய புகார்கள் முற்றி 1882-இல் ஆங்கில அரசு நிறுத்தும்வரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் போனார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தீவில் இவர்களை மல்பார் என்கிறார்கள். பெரும்பாலோர் மொழியை இழந்துவிட்டார்கள், மாரியம்மனையும் தீமிதியையும் இழக்கவில்லை. காப்பி அங்கே நீடித்திருந்தால் இத்தனை தமிழர்கள் போயிருக்க மாட்டார்கள். போனவர்கள் வெட்டியது காப்பியைத் துரத்திய கரும்பை.

மிச்சமிருந்ததை இலைத்துரு நோய் பார்த்துக்கொண்டது. இலங்கையில் 1869-இல் தலைகாட்டி அங்கே காப்பித் தோட்டங்களை அழித்த அதே பூஞ்சணம், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ரீயூனியனுக்கும் வந்து சேர்ந்தது. புவான்த்யூவுக்கு அதை எதிர்க்கும் சக்தி இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஏற்றுமதிக் கணக்கில் காப்பி காணாமல் போயிற்று.

கணக்கில்தான் காணாமல் போனது, கொல்லையில் அல்ல. மலையூர்களில் வீட்டுப் பின்புறம், வாழைக்கும் லிச்சிக்கும் நடுவே, நாலைந்து காப்பிச் செடி வைத்திருப்பது வழக்கமாக இருந்தது. வீட்டுச் செலவுக்குப் போதும். பழத்தைப் பறித்து முற்றத்தில் காயவைத்து, மர உரலில் குத்தித் தோல் நீக்கி, முறத்தில் புடைத்துப் பச்சைக் கொட்டையைச் சேமித்துக்கொள்வார்கள். தேவைப்படும்போது விறகடுப்பில் கனமான இரும்புச் சட்டியை ஏற்றிக் கைவிடாமல் கிளறி வறுப்பார்கள். முதலில் வைக்கோல் வாடை வரும். கொட்டை மஞ்சளாகி, பழுப்பேறும்போது அது ரொட்டி சுடும் மணமாக மாறும். பிறகு பொரிவதுபோல் படபடவென்று வெடிக்கும். தவிடுபோல் மேல்தோல் பறக்கும். அந்த வெடிச்சத்தம் அடங்கும் தறுவாயில் இறக்கி, உடனே முறத்தில் கொட்டி ஆற்ற வேண்டும். இரண்டு நிமிடம் அசந்தால் கரி.

வறுத்ததை இடித்து, கிரேக் என்ற தகரப் பாத்திரத்தில் போடுவார்கள். மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு, நடுவே சல்லடை. மேலே தூள், அதன்மேல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொதிநீர், கீழே சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறு. கும்பகோணத்திலிருந்து யாராவது போய்ப் பார்த்தால் தம் வீட்டு ஃபில்டரை அடையாளம் கண்டு சிரிப்பார்கள். தமிழ்நாட்டிலும் அரைத்துக் கொடுக்கும் கடைகள் பெருகுவதற்கு முன்பு பச்சைக் கொட்டை வாங்கி இரும்புச் சட்டியில் வறுத்து, கையரவையில் அரைத்த வீடுகள் உண்டு. இங்கே பாலும் சிக்கரியும் சேர்ந்தன. அங்கே கருங்காப்பியாகவே நின்றது.

பெருந்தோட்டக்காரர் லாபம் இல்லை என்று கைவிட்டதை, லாபக் கணக்கே பார்க்காத கொல்லைகள் காப்பாற்றின. இன்னொரு பக்கம், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் பசிபிக்கின் நியூ கலடோனியாவுக்குக் குடிபெயர்ந்த பூர்போன்காரர்கள் லெருவா விதையையும் எடுத்துப் போயிருந்தார்கள். அங்கேயும் கொஞ்சம் பிழைத்தது. பிரேசிலில் கம்பினாஸ் ஆய்வு நிலையத்தார் லாரினா என்ற அறிவியல் பெயரில் இதை வளர்த்து ஆராய்ந்தார்கள்.

மீட்டெடுத்தவர் ஒரு ஜப்பானியர். யோஷியாகி கவாஷிமா, ஷிசுவோகாவில் காப்பிக் கொட்டை வறுத்து விற்கும் குடும்பத்தில் பிறந்தவர். 1975-இல் காப்பி படிக்கவே எல் சால்வடார் போனார். அங்கே படித்த காலத்தில்தான் பூர்போன் தீவின் காப்பியைப் பற்றி அறிந்தார். பிறகு கோபே நகரத்து யூசிசி காப்பி நிறுவனத்தில் சேர்ந்து, ஜமைக்காவின் நீலமலைத் தோட்டம் உட்படப் பல நாடுகளில் வேலை பார்த்தார். 1999-இல் ரீயூனியனில் இறங்கிக் கூர்கொட்டைக் காப்பி எங்கே என்று விசாரித்தால், இங்கே காப்பித் தொழிலே இல்லையே என்றார்கள். மனிதர் விடவில்லை. உள்ளூர் அதிகாரிகள் உதவியோடு தேடியதில் ஒருசில செடிகள் கிடைத்தன. பிரான்சின் வேளாண் ஆய்வு நிறுவனமான சிராத் அவற்றிலிருந்து கன்றுகளைப் பெருக்கியது. எந்த உயரத்தில், எந்தச் சரிவில் சுவை நன்றாக வருகிறது என்று சோதித்து, சிறு விவசாயிகளுக்குக் கன்று கொடுத்தார்கள். ஏறக்குறைய நூறு பேர் நட்டார்கள்.

2007-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தபோது 100 கிராம் விலை 7,350 யென். அதுவும் உடனே தீர்ந்தது. கவாஷிமா யூசிசியை விட்டு வெளியேறி, மறு ஆண்டே தனியாகக் கடை தொடங்கினார்.

விலையைப் பார்த்து ஊரே நட்டிருக்க வேண்டும் என்று தோன்றும். நடக்கவில்லை. செடி குட்டை, காய்ப்பு குறைவு. சரிவில் இயந்திரம் ஏறாது, பழுத்ததை மட்டும் கையால் பொறுக்க வேண்டும். தீவு இன்றும் பிரான்சின் பகுதி என்பதால் கூலியும் பிரான்சுச் சட்டப்படியான கூலி. ஒரு புயல் அடித்தால் அந்த ஆண்டு போயிற்று. ஆகவே கிலோ சில நூறு யூரோ என்பதில் கொள்ளை லாபம் என்று சொல்ல அதிகம் இல்லை. இன்று தென்கோடி சேன் ஜோசெஃபுக்கு மேலே கிராண் கூத் போன்ற மலையூர்களில் சிறுசிறு தோட்டங்கள் நடக்கின்றன. வருகிறவர்களுக்குச் செடியைக் காட்டி, வறுத்துக் கொடுத்து விற்கிறார்கள்.

புகழின் பெரும்பங்கு இப்போது பிரேசிலுக்குப் போகிறது. மினாஸ் ஜெரைஸ் மாநிலத்துத் ததேரா தோட்டத்தில் விளைந்த லாரினாவை வைத்துத்தான் சுவிட்சர்லாந்து சார்பில் போட்டியிட்ட எமி ஃபுகாஹோரி 2018-ஆம் ஆண்டின் உலகக் காப்பி வடிப்புப் போட்டியில் வென்றார். அதன்பின் வீட்டில் வறுப்பவர்கள் லாரினா பச்சைக் கொட்டையை விசாரித்து வாங்கத் தொடங்கினார்கள். செடி ஒன்றுதான், மண்ணும் வெயிலும் வேறு. பையில் லாரினா என்று மட்டும் போட்டிருந்தால் எந்த நாடு, எந்தத் தோட்டம் என்று கேட்டு வாங்குவது நல்லது. தீவின் கொட்டைக்கான விலையைப் பிரேசில் கொட்டைக்குக் கொடுக்க வேண்டியதில்லை.

யாருக்காவது கைக்குக் கிடைத்தால் ஒரு வார்த்தை. நம் ஃபில்டர் காப்பிக்கு வறுப்பதுபோல் கறுக்க வறுக்க வேண்டாம். முதல் வெடிப்பு முடிந்ததும் இறக்கிவிடலாம். இதன் அருமை மென்மையிலும் பழ வாசனையிலும் இருக்கிறது, கருகினால் இரண்டும் போய்விடும். முதல் டம்ளரைப் பால் விடாமல் குடித்துப் பாருங்கள். அதன்பின் பால் வேண்டுமென்றால் விட்டுக்கொள்ளலாம். சிக்கரி மட்டும் கூடவே கூடாது.